பாலைவனப் பயணக் கட்டுரையில் விடுபட்டுப்போன தண்ணீர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில், வளைகுடா நாடுகளின் பாலைவனங்களில் ஜீப் ஓட்டிச் சென்று வருவதைப் பற்றி வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். மணலில் இறங்குமுன் டயரின் காற்றை எவ்வளவு குறைக்க வேண்டும், மணல்மேட்டின் சரிவில் வண்டியை ஏன் குறுக்காகத் திருப்பக் கூடாது, புதைந்த சக்கரத்தை மீட்க எத்தகைய கயிறு வேண்டும் என்பனவெல்லாம் அதில் சரியாகவே சொல்லப்பட்டிருந்தன. ஆனால் அந்த முழுப்பக்கக் கட்டுரையில் தண்ணீர் என்ற சொல் ஒரே இடத்தில்தான் வந்தது. அதுவும், ஆளுக்கு இத்தனை லிட்டர் குடிநீர் எடுத்துச் செல்ல வேண்டும் என்ற குறிப்பில். பாலைவனத்தில் வண்டியையும் ஆளையும் சேர்த்து அடித்துக்கொண்டு போகும் தண்ணீரைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நான் சத்தியமங்கலம் பக்கத்தைச் சேர்ந்தவன். ஓமன் நாட்டில், ஆழ்துளைக் கிணறு தோண்டும் நிறுவனம் ஒன்றில் 16 ஆண்டுகள் மெக்கானிக்காகவும் தேவைப்பட்டபோது ஓட்டுநராகவும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் என் தங்கை மகன், தன் நண்பர்கள் நால்வரோடு வரும் டிசம்பர் விடுமுறையில் துபாய் சென்று, அங்கே நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்து, மலையோரப் பாலைவனத்தில் மூன்று நாள் சுற்றுவதாகத் திட்டமிட்டிருக்கிறான். தங்கள் கட்டுரையைக் கத்தரித்து வைத்துக்கொண்டுதான் சாமான் பட்டியல் போடுகிறான். பட்டியலில் காற்றடிக்கும் கருவி இருக்கிறது, மண்வெட்டி இருக்கிறது, இழுவைக் கயிறு இருக்கிறது. மழையைப் பற்றிக் கேட்டேன், "பாலைவனத்தில் எங்கே மாமா மழை?" என்று சிரித்தான்.

மழை அங்கே உண்டு. ஓமன் தலைநகர் மஸ்கட்டில் ஓராண்டு முழுவதும் பெய்வது சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுதான் என்றாலும், அந்தச் சிறிய அளவும் ஆண்டு முழுவதும் பரவிப் பெய்யாமல், ஓரிரு நாட்களில், சில சமயம் ஓரிரு மணி நேரத்தில், ஒரேயடியாகக் கொட்டித் தீர்ப்பதுதான் அந்நாடுகளின் இயல்பு. மேலும் அங்கே மழை பெரும்பாலும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் வருகிறது. வெயில் தணிந்து, சுற்றுலாப் பயணிகள் குவிந்து, நம் ஊர்ப் பிள்ளைகளும் விமானம் ஏறுகிற மாதங்களும் இவையே என்பதைப் பயணக் கட்டுரை எழுதுவோர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

கொங்கு நாட்டில் பிறந்தவர்களுக்கு இந்தச் செய்தியை விளக்குவது எளிது. நாம் பள்ளம் என்று சொல்வதைத்தான் அரேபியர் வாதி என்கிறார்கள். ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடந்து, மணலும் உருண்டைக் கல்லுமாக, மாட்டு வண்டியும் டிராக்டரும் போகிற தடமாகவே மாறிவிட்டு, மேலே மலையில் மழை பெய்த அன்று மட்டும் தன்னை ஆறு என்று காட்டிக்கொள்ளும் அதே பள்ளந்தான் அது. ஒரே ஒரு வேறுபாடு உண்டு. நம் மலைகளில் காடு இருக்கிறது. சருகும் வேரும் மண்ணும் மழையின் ஒரு பங்கையாவது பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஓமனிலும் அமீரகத்திலும் நீண்டு கிடக்கும் ஹஜர் மலையோ மொட்டைப் பாறை. அடிவாரத்து நிலமும் வெயிலில் இறுகிச் சிமென்ட் களம் போலக் கிடப்பதால், விழுகிற மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்காமல் அப்படியே வழிந்து, பல கிளைப் பள்ளங்களின் வழியே ஒரே வாதியில் வந்து சேர்கிறது. ஆடு மேய்க்கும் ஓமானியப் பெரியவர் ஒருவர் "வாதி வருகிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் பேச்சில் தடத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒரே பெயர்.

அவர் அப்படிச் சொன்ன நாளை இங்கே எழுதத்தான் வேண்டும். நிஸ்வா நகருக்கு மேற்கே, மலையின் தென்சரிவை ஒட்டிய ஒரு வாதியில், ஆகஸ்ட் மாதத்தின் ஒரு நண்பகலில், நாங்கள் ஆறு பேர் இரண்டு பிக்கப் வண்டிகளை ஒரு குடைவேல மரத்தடியில் நிறுத்திச் சமைத்துக்கொண்டிருந்தோம். சுற்று வட்டாரத்தில் நிழல் அங்கே மட்டுந்தான் இருந்தது. வாதிக்குள் மட்டும் ஏன் மரம் நிற்கிறது என்று எங்களில் எவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தலைக்கு மேலே வானம் வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. வடக்கே, இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், மலை முகட்டின் மேல் கரியதொரு மேகம் குத்திட்டு நின்றதை நான் பார்த்தேன். அது எங்களுக்கு உரியதில்லை என்று நினைத்தேன். அப்போதுதான் அந்தப் பெரியவர் தம் ஆடுகளைக் கரைமேல் ஏற்றிவிட்டு, எங்களை நோக்கிக் கையை வீசிக் கத்தினார். ஒரு வண்டியை மட்டும் மேட்டில் ஏற்றினோம். மற்றொன்றின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தபோதே, டிப்பர் லாரியில் ஜல்லி கொட்டுவது போன்ற ஓசை வளைவுக்கு அப்பாலிருந்து கேட்டது.

முதலில் வந்தது தண்ணீர் போலவே இல்லை. நுரையும் செத்தையும் ஆட்டுப் புழுக்கையும் முள்ளும் சுமந்த, முழங்கால் உயரமுள்ள ஒரு செங்கலங்கல், ஆள் நடக்கும் வேகத்தில் நெளிந்து வந்தது. அடுப்பை அது மூடிய பிறகும் ஓடிப்போய்ச் சோற்றுப் பானையை எடுத்துவிடலாம் என்று சமையல்காரர் ஓரடி வைத்தார். அவருடைய சட்டையைப் பிடித்து இழுத்தோம். அதன் பின்னால் வந்ததுதான் ஆறு. பத்து நிமிடத்துக்குள் பிக்கப்பின் பானெட் மறைந்தது. பின்பக்கம் மெல்லத் தூக்கி, வண்டி மூக்கைத் திருப்பிக்கொண்டு, யாரோ ஓட்டிப் போவது போலவே கீழ்நோக்கிப் போயிற்று. எங்கள் மேல் அன்று ஒரு சொட்டு மழைகூட விழவில்லை. மறுநாள் காலையில் ஒன்றரைக் கிலோமீட்டர் கீழே வண்டியைக் கண்டெடுத்தபோது, அது கவிழ்ந்து கிடக்க, கேபினுக்குள் இருக்கை தெரியாதபடி சரளை அடைந்திருந்தது.

நம் மண்ணில் இது தெரியாத செய்தியன்று. மேட்டுப்பாளையத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே பவானி ஆறு கரைபுரண்டு வருவதையும், நீலகிரியிலும் கேரளத்து அட்டப்பாடிப் பகுதியிலும் பெய்யும் மழையால் 100 அடி உயரமுள்ள பில்லூர் அணை 97 அடியை எட்டியதும் உபரிநீர் திறக்கப்பட்டு, கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்படுவதையும் தங்கள் நாளிதழே ஆண்டுதோறும் வெளியிடுகிறது. என் தாய்வழிப் பாட்டனார் என்னை ஆடு மேய்க்க அனுப்பும்போது, "கண்ணு, பள்ளத்துத் தண்ணியில செத்தையும் சருகும் வந்துச்சுன்னா, ஆட்டை உட்டுப்போட்டுக் கரைக்கு ஏறிக்கோணும்" என்று சொல்லி அனுப்புவார். அப்புச்சியின் அந்தச் சொல்லைக் கடல் கடந்து போன நான் மறந்து, வாதியின் நடுவில் அடுப்பு மூட்டினேன். அணைக்காவது காவலர்களும் சங்கொலியும் உண்டு. வாதிக்கு அந்த மேய்ப்பர் ஒருவர்தான் இருந்தார்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஆன்டலோப் கேன்யன் என்ற குறுகிய பாறைப் பிளவுக்குள் 1997 ஆகஸ்ட் 12 அன்று இறங்கிய சுற்றுலாப் பயணிகளில் 11 பேர் மாண்டதும் இவ்வாறே. மழை கொட்டியது பல கிலோமீட்டர் மேலே. பிளவுக்குள் இருந்தவர்களுக்கு அந்த வானம் தெரியவே இல்லை. அண்மைக் காலத்தில், 2024 ஏப்ரல் 14 அன்று ஓமனின் சமத் அல் ஷான் பகுதியில் வாதி வெள்ளத்தில் வாகனத்தோடு அடித்துச் செல்லப்பட்டுப் பள்ளி மாணவர்கள் பலர் இறந்தனர். அதற்கு இரண்டே நாள் கழித்து ஐக்கிய அரபு அமீரகத்தில், அல் அய்ன் அருகே ஓரிடத்தில், 24 மணி நேரத்துக்குள் 254.8 மில்லிமீட்டர் மழை பதிவானது. 1949-இல் பதிவுகள் தொடங்கியதிலிருந்து அந்நாடு கண்டிராத மழை அது.

இனி வண்டிக்கு வருகிறேன். ஏனெனில் இளைஞர்களின் துணிச்சல் முழுவதும் வண்டியில்தான் இருக்கிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பது சேற்றிலும் மணலிலும் பிடிமானம் தரும். நீரில் அது எடை தருவதில்லை. கணக்கு எளிது. ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோ. நான்கு மீட்டர் நீளமும் ஒன்றேமுக்கால் மீட்டர் அகலமும் கொண்ட ஜீப்பின் அடிப்பாகம் ஏறத்தாழ ஏழு சதுர மீட்டர். நீர் அடித்தட்டைத் தொட்ட பிறகு ஏறுகிற ஒவ்வொரு பத்து சென்டிமீட்டருக்கும் அது வண்டியை 700 கிலோ அளவுக்கு மேலே தூக்கப் பார்க்கிறது. கதவிடுக்கில் நீர் கசிந்து உள்ளே வருவதால் தூக்கல் சற்றுக் குறையும் என்று வைத்துக்கொண்டாலும், 1,600 கிலோ வண்டி எத்தனை சென்டிமீட்டர் தாங்கும் என்பதைப் பள்ளிப் பிள்ளையே சொல்லிவிடும். அமெரிக்க தேசிய வானிலைச் சேவை மக்களுக்குச் சொல்லும் அளவும் இதற்கு ஒத்தே இருக்கிறது: ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் இருந்தால் வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடலாம், 30 சென்டிமீட்டர் சிறிய கார்களை இழுத்துச் செல்லும், 60 சென்டிமீட்டர் பெரிய ஜீப்புகள் உட்பட பெரும்பாலான வாகனங்களை அடித்துப் போகும். ஆழம் அறியாமல் காலை விடாதே என்றார்கள் நம் பெரியவர்கள். வண்டிக்கு ஆழம் மட்டும் அறிந்தால் போதாது, வேகமும் அறிய வேண்டும். நீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது வண்டியின் மேல் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது.

ஸ்நார்க்கல் என்று சொல்லப்படும் உயரமான காற்றுக்குழாயைப் பொருத்திய வண்டிகளைக் கோவையிலும் இப்போது நிறையப் பார்க்கிறேன். அது இல்லாத வண்டி நீரில் இறங்கினால், எஞ்சின் காற்றுக்குப் பதில் தண்ணீரை உறிஞ்சிவிடும்; பிஸ்டனால் காற்றை அழுத்த முடியும், தண்ணீரை அழுத்த முடியாது. அப்படி நின்றுபோன எஞ்சின்களைப் பிரித்து, வில்லாக வளைந்த கனெக்டிங் ராடுகளைக் கையில் எடுத்திருக்கிறேன். ஆகவே அந்தக் குழாய் பயனற்றது என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் மூச்சு விடுவதற்கு அது உதவும். மிதக்கத் தொடங்கிய வண்டியைத் தரையில் பிடித்து வைப்பதற்கு அதனிடம் ஒன்றும் இல்லை. குழாய் பொருத்தியவர்தான் பொருத்தாதவரைவிட ஆழத்தில் இறங்கிப் பார்க்கிறார் என்பதே என் கவலை.

மணற்குன்றுகளின் நடுவே இந்த அபாயம் குறைவு. மணல் நீரைக் குடித்துவிடும். சரளைச் சமவெளியும் மலையோர வாதியுமே ஆபத்தானவை. கடற்கரையை ஒட்டிய சப்கா என்ற உப்பு நிலங்கள் வேறு வகை: மழைக்குப் பின் அவற்றின் மேலோடு அப்பளம் போல உடைந்து வண்டியை அச்சுவரை விழுங்கும். நம் நாட்டுத் தார்ப் பாலைவனத்துக்குப் போவோரும் விலக்கில்லை. 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பாட்மேர் மாவட்டத்தில் பெய்த மழையில் நூறு பேருக்கு மேல் இறந்தனர். கவாஸ் என்ற ஊரில், மண்ணுக்கு அடியில் ஜிப்சம் படிவம் இருந்ததால் நீர் கீழே இறங்க வழியின்றி வாரக்கணக்கில் ஏரியாக நின்றது.

பாலைவனத் தடத்தில் ஓட்டுகிறவர் கற்க வேண்டிய முதல் பழக்கம், வாதிக்குள் இறங்குமுன் அங்குள்ள மரங்களை அண்ணாந்து பார்ப்பதுதான். கிளைகளில் காய்ந்த நாணலும் பிளாஸ்டிக் பையும் கந்தலும் சிக்கியிருந்தால், கடந்த வெள்ளம் அந்த உயரத்தில் போயிருக்கிறது என்று பொருள். நான் அன்று உட்கார்ந்திருந்த குடைவேல மரத்தில் அது என் தலைக்கு மேல் இரண்டு முழம் இருந்ததை மறுநாள்தான் பார்த்தேன். எத்தனை நிழல் இருந்தாலும் வாதிக்குள் கூடாரம் அடிப்பதும் சமைப்பதும் உறங்குவதும் கூடாது. கடப்பதாயின் இரண்டு கரையையும் நின்று பார்த்து, மேலே ஏறும் வழியை முடிவு செய்துகொண்டு, ஒவ்வொரு வண்டியாகக் கடந்துவிட வேண்டும். நடுவில் நிறுத்திப் படம் பிடிப்பது வேண்டாத வேலை. அன்று காலையின் வானிலை அறிவிப்பைத் தங்குமிடத்துக்கு மட்டும் பார்க்காமல், அந்த வாதிக்கு நீர் தரும் மலைக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வழியில் ஆடு மேய்ப்பவர் இருந்தால் வண்டியை நிறுத்தி அவரிடம் கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை.

வெள்ளம் வந்துவிட்டால், அதற்கு முன்னே வாதியின் வழியாகவே ஓட்டித் தப்பிவிடலாம் என்ற எண்ணம்தான் பலருக்கும் முதலில் வருகிறது. வளைவும் கல்லும் நிறைந்த தடத்தில் அது நடவாது. வண்டியை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் கரையேறுவதே வழி. கரைக்கு இந்தப் பக்கம் நிற்பவர், முன்னால் ஒரு லாரி கடந்து போனதைப் பார்த்துப் பின்தொடரக் கூடாது. லாரியின் எடை வேறு. அதோடு, அது கடந்து போன சில நொடிகளில் கலங்கல் நீருக்குள் மணல் அரித்துக் குழியாகியிருந்தாலும் மேலிருந்து தெரியாது. வண்டிக்குள் சிக்கிக்கொண்டவர், நீர் கதவுவரை ஏறுவதற்குள் பெல்டைக் கழற்றி, ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் கண்ணாடி நனைந்த பின் இறங்கும் என்ற உறுதி இல்லை. வெளிநீரின் அழுத்தத்தில் கதவும் திறக்காது. கண்ணாடி உடைக்கும் சிறு சுத்தியல் ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன்கண்ணாடியில் அடித்துப் பயனில்லை. பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். கரைக்குப் போக முடியாவிட்டால் கூரைமேல் ஏறி நிற்பதே மிச்சமுள்ள வழி. பெரும்பாலான வாதிகளில் வெள்ளம் சில மணி நேரத்தில் வடிந்துவிடும் என்பதால், கரையில் காத்திருப்பவருக்கு இழப்பு ஒரு பகற்பொழுது மட்டுமே.

உயிரைச் சொன்னால் கேளாதவர் அபராதத்தைச் சொன்னால் கேட்பதுண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் 2023-இல் கொண்டுவந்த விதிப்படி, மழை நேரத்தில் வாதி, வெள்ளப் பகுதி, அணை ஆகியவற்றின் அருகே கூடினாலே 1,000 திர்ஹாம் அபராதமும், ஓட்டுநர் உரிமத்தில் குறிக்கப்படும் 6 கரும்புள்ளிகளும் உண்டு. வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டியை இறக்கினால் 2,000 திர்ஹாம், 23 கரும்புள்ளிகள், 60 நாட்கள் வண்டி பறிமுதல். 24 புள்ளி சேர்ந்தால் உரிமமே பறிபோகும் நாட்டில் 23 என்று வைத்திருப்பதிலேயே அவர்களுடைய எண்ணம் விளங்குகிறது.

நம் பகுதிக்கும் இது பொருந்தும் என்பதால் ஒரு வேண்டுகோளைச் சேர்க்கிறேன். குரும்பூர் பள்ளத்திலும் சர்க்கரைப் பள்ளத்திலும் வெள்ளம் வந்து, கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் செல்லும் பேருந்து அக்கரையிலும் பயணிகள் இக்கரையிலுமாக நின்றதை எங்கள் பகுதியினர் பலமுறை பார்த்திருக்கிறோம். அப்பேருந்து ஓட்டுநர்கள் நீரைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, பீடி பற்றவைத்துக் காத்திருப்பார்கள். விடுமுறை நாட்களில் நகரத்திலிருந்து ஜீப்புகளில் வந்து, பள்ளத்து நீரைச் சிதறடித்து ஓட்டிப் படம் எடுக்கும் இளைஞர்களுக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை. தரைப்பாலங்களில் சிவப்பும் வெள்ளையுமாக அளவு குறித்த கம்பம் ஒன்றை நட்டு, இன்ன கோட்டுக்கு மேல் நீர் இருந்தால் கடக்கக் கூடாது என்று தமிழில் எழுதிவைக்க நெடுஞ்சாலைத் துறைக்குப் பெருஞ்செலவு ஆகாது.

பாலைவனக் கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் வாதி வெள்ளத்தைப் பற்றி ஒரு பத்தியேனும் சேர்க்குமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். என் மருமகன் டிசம்பர் 20 அன்று கிளம்புகிறான். அதற்கு முந்தைய ஞாயிறு இணைப்பிலேயே அது வந்துவிட்டால் அதையும் கத்தரித்துப் பட்டியலோடு வைத்துக்கொள்வான், அவனோடு வாதாடும் வேலை எனக்கு மிச்சமாகும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற மெக்கானிக்,
சத்தியமங்கலம்.